பயத்தங்காய்: நாற்று நடலாமா, நேரடியாக விதைக்கலாமா?

சுங்காய் வட்டார ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த உங்களில் பலர் லயத்து வீட்டின் ஓரத்தில் காய்கறி போட்டிருப்பீர்கள். இப்போது தாமான் வீட்டின் சிறிய இடத்திலும் பயத்தங்காய் நன்றாக வளரும். ஆனால் முதுகும் முழங்காலும் அன்றுபோல் இல்லை. ஆகவே செடிக்கும் உடம்புக்கும் ஏற்ற முறையைத் தேர்ந்தெடுங்கள்.

நேரடியாக விதைப்பதே நல்லது

கத்தரி, மிளகாய் விதைகள் சிறியவை, மெதுவாக வளர்பவை. அவற்றுக்கு நாற்றுவிட்டு நடுவதே வழக்கம். பயத்தங்காய் விதை பெரியது; நம் வெயிலில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். பிடுங்கி நட்டால் வேர் அறுந்து, செடி சில நாள் வாடி நிற்கும்.

நேரடி விதைப்பில் குனியவும் வேண்டாம். நின்றபடியே கம்பால் 1 அங்குல ஆழத்தில் குழி போடுங்கள். குழியின்மேல் ஒரு பிவிசி குழாயை வைத்து, அதன் வழியாக 2 விதைகளைப் போடுங்கள். கம்பால் மண்ணைத் தள்ளி மூடுங்கள். குழிகளுக்கு இடையே 1 அடி இருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும். பாத்தி உயரமாக இருக்க வேண்டும். மண் வெட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.

எப்போது நாற்று?

கோழியோ எலியோ விதையைத் தின்றுவிட்டால், காகிதக் கோப்பைகளில் விதைத்து, இடுப்பளவு மேசையில் வையுங்கள். முதல் இலைகள் விரிந்ததும், மாலை நேரத்தில், கோப்பையைக் கிழித்து மண் உதிராமல் நடுங்கள்.

கோப்பைக்கு அடியிலுள்ள தட்டில் தண்ணீர் தேங்கினால் டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரமே போதும். வாரம் ஒருமுறையாவது தட்டைக் கொட்டி, ஓரங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும்.

உடம்பைக் காத்துக்கொள்ளுங்கள்

• காலையிலோ மாலையிலோ வேலை செய்யுங்கள்; வெயில் ஏறிவிட்டால் நிறுத்துங்கள்.
• வாளியைப் பாதி மட்டும் நிரப்புங்கள்.
• கையுறையும் மூடிய காலணியும் அணியுங்கள். எலியின் சிறுநீர் கலந்த ஈரமண், காயத்தின் வழியாக எலிக்காய்ச்சலைத் தரலாம்.
• நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் பட்ட காயம் வலிக்காமலே இருக்கலாம். வேலை முடிந்ததும் இரண்டு பாதங்களையும் பாருங்கள்.
• காய்ச்சல் கண்டால் உடனே கிளினிக்குக்குச் செல்லுங்கள். மண்ணில் வேலை செய்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஏறக்குறைய இரண்டு மாதத்தில் காய் பறிக்கலாம். சாப்பாட்டுத் தட்டில் பாதி, காய்கறியும் பழமுமாக இருக்கட்டும்.