கலப்பு என்று சொன்னால் போதுமா?

‘ஒழுங்கின்மை’ என்கிற சொல் தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைப் பக்கங்களில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. ஒழுங்கு என்றால் அதிகாரம், ஒழுங்கின்மை என்றால் எதிர்ப்பு என்கிற சுலபமான எதிர்மையும் கூடவே வந்தது. இயற்பியல்காரர்கள் அதை எப்படி அளக்கிறார்கள் என்று நாம் அதிகம் கேட்டதில்லை. தமிழ் படித்தவன் நான்; எனக்குப் பிடிபட்ட அளவில் கேட்டுப் பார்க்கிறேன்.

மின்தடை துளியும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் மீக்கடத்தி. கஞ்சமலைக் காந்தக்கல்லை அறிந்த எங்கள் சேலத்துக்காரர்களுக்கு இரும்பு என்றாலே காந்தம்தான். காந்தமோ மீக்கடத்தலுக்குப் பகை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2008இல் ஜப்பானில் ஹிடியோ ஹொசோனோவின் குழு, இரும்பும் ஆர்சனிக்கும் கொண்ட சேர்மம் ஒன்று 26 கெல்வினில் (சுழிக்குக் கீழே 247 டிகிரி) மீக்கடத்தியாவதைக் கண்டது. பழைய கருத்து ஆட்டம் கண்டது.

கல்பாக்கம் என்றால் நம் வாசகர்களுக்கு அணு உலை, அதற்கெதிரான போராட்டம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் வேறொரு வேலையும் நடந்தது. பேரியம்-இரும்பு-ஆர்சனிக் சேர்மம் சுமார் 140 கெல்வினில் காந்த ஒழுங்குக்குள் உறைந்துவிடும், மீக்கடத்தாது. அதில் இரும்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டு ரூத்தேனியத்தைப் போட்டால் காந்தம் தளர்கிறது, மீக்கடத்தல் பிறக்கிறது என்று அந்த மைய ஆய்வாளர்கள் 2010இல் எழுதினார்கள். கோபால்ட் போட்டாலும் இப்படித்தான் என்பது முன்பே தெரிந்திருந்தது. இரண்டிலுமே காந்தமும் மீக்கடத்தலும் சேர்ந்திருக்கிற ஒரு கட்டம் உண்டு.

சேர்ந்திருப்பது என்றால் எப்படி? ஒரு கிராமத்தில் எல்லாச் சாதியாரும் இருக்கிறார்கள் என்று மக்கள்தொகைக் கணக்கு சொல்லும். வீட்டுக்கு வீடு கலந்தா, ஊர் தனி சேரி தனியா என்று சொல்லாது. மின்தடை அளவீடும் அப்படித்தான். மொத்தத்துக்கும் ஒரே எண்.

இங்கேதான் காந்த ஒத்திசைவு வருகிறது. ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் இருக்கிற அதே தத்துவம். ஸ்கேனில் ஹைட்ரஜன் அணுக்கரு, இங்கே ஆர்சனிக் அணுக்கரு. ஒவ்வொரு அணுக்கருவும் ஒரு குட்டிக் காந்தம். வலுவான காந்தப்புலத்தில் வைத்து ரேடியோ அலையை அனுப்பினால், தான் நிற்கிற இடத்துப் புலத்துக்கேற்ற அதிர்வெண்ணில் அது பதில் சொல்கிறது. அக்கம்பக்கத்து இரும்பு காந்தமாக உறைந்திருந்தால் அதிர்வெண் நகரும். இடத்துக்கிடம் நிலைமை வேறுபட்டால், ஒற்றைக் கோடாக இருக்க வேண்டிய பதில் அகன்று சிதறும். பதில்கள் மொத்தமாகத்தான் வந்து சேருகின்றன; ஆனால் வேறுபாடு அழிவதில்லை.

பிரான்சில் ஓர்சே ஆய்வாளர்கள் இரண்டையும் இப்படிப் பார்த்தார்கள். கோபால்ட் கலந்ததில் (2009) எல்லா ஆர்சனிக்கும் காந்தத்தை உணர்ந்தது. அதே இடத்திலேயே மீக்கடத்தலும் இருந்தது. ரூத்தேனியம் கலந்ததில் (2012) நானோமீட்டர் அளவில் திட்டுத்திட்டாகப் பிரிந்து கிடந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: கோபால்டும் சரி, ரூத்தேனியமும் சரி, இரும்பின் இடங்களில் தாறுமாறாகத்தான் போய் உட்காருகின்றன. ஒன்றில் எலெக்ட்ரான்கள் அந்தத் தாறுமாறைச் சமன் செய்துகொள்கின்றன, மற்றதில் இல்லை. அணுக்களின் ஒழுங்கின்மை வேறு, எலெக்ட்ரான்களின் ஒழுங்கின்மை வேறு.

எலெக்ட்ரானுக்குச் சாதி கிடையாது. இயற்பியலை வைத்து சமூகத்தை நிரூபிக்கிற வேலை நமக்கு வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது அளக்கும் முறையை. ‘கலப்பு’, ‘பன்மை’ என்று எழுதும்போது, எந்த அளவில் நின்று பார்க்கிறோம், யாரிடம் கேட்டோம் என்பதையும் சேர்த்து எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் நாம் கொண்டாடுகிற பன்மையும் ஒரு சராசரிதான்.