மூளையைத் தாக்கும் மலேரியா

ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் ஆகிய மாநிலங்களின் காட்டுப்புறங்களிலும் சுரங்கப் பகுதிகளிலும் தொழில் நிமித்தம் வாழும் தமிழ் மக்கள் மலேரியாவைப்பற்றி ஓரளவு அறிந்திருப்பர். அக்காய்ச்சல் சிலருக்கு மூளையைத் தாக்கி, வலிப்பையும் நினைவிழப்பையும் உண்டாக்குவது எவ்வாறு என்பதை இங்கே காண்போம்.

மலேரியாக் கிருமிகளுள் மிகக் கொடியது பால்சிபாரம் என்னும் வகை. இது இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து வளர்கிறது. கிருமி குடிகொண்ட அணுக்கள் மூளையின் மயிரிழை போன்ற நுண்குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொள்வதால் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. அணுக்கள் வெடித்துக் கிருமிகள் வெளிப்படும்பொழுது, நமது உடலின் காவற்படை விழித்தெழுந்து பலவகைப் பொருள்களைச் சுரக்கிறது, காய்ச்சல் ஏறுகிறது. இவ்வெழுச்சியையே மருத்துவர் அழற்சி என்பர்.

கிருமியை ஒழிக்க எழும் அழற்சி அளவுமீறினால் நமக்கே பகையாகிறது. நுண்குழாய்ச் சுவரில் அணுக்கள் இன்னும் மிகுதியாக ஒட்டுகின்றன. சுவர் தளர்ந்து நீர் கசிகிறது, மூளை வீங்குகிறது. மண்டையோடோ விரிந்து இடங்கொடுப்பதில்லை.

அவ்வாறாயின் அழற்சியை மருந்தால் அடக்கிவிடலாமன்றோ? அறிஞர் அதையும் முயன்று பார்த்தனர். டெக்சாமெதசோன் என்னும் மருந்தைத் தாய்லாந்தில் ஆராய்ந்து, 1982-இல் முடிவை வெளியிட்டனர். சாவு குறையவில்லை, நினைவிழந்த நிலையே நீடித்தது. 1996-இல் வெளியான காம்பியா நாட்டு ஆய்விலும், அழற்சிப் பொருளொன்றை முறிக்கும் மருந்து குழந்தைகளின் காய்ச்சலைத் தணித்ததேயன்றி உயிரிழப்பைக் குறைக்கவில்லை.

எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும் என்பது நம் முதுமொழி. இங்கே எரிவது கிருமி. அதை விரைந்து கொல்வது ஆர்ட்டிசுனேட் ஊசிமருந்து. இந்தியா உள்ளிட்ட நான்கு ஆசிய நாடுகளில் கடும் மலேரியா நோயாளிகளிடையே நடந்த ஆய்வின் முடிவு 2005-இல் வெளியாயிற்று. கொயினா பெற்றவர்களுள் நூற்றுக்கு 22 பேர் இறக்க, ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களுள் 15 பேரே இறந்தனர். ஒடிசாவின் ரூர்க்கேலாவில் நோயாளிகளின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தபொழுது, பிழைத்தவர்களிடத்தில் வீக்கம் சில நாட்களில் வடிந்தமை தெரிந்தது. காலத்தே சிகிச்சை பெற்றால் மூளை மீளக்கூடும் என்பதற்கு இது சான்று.

மலேரியா மிகுந்த இடத்தில் பிறந்து வளர்ந்தோர், பலமுறை அந்நோய்க்கு ஆளாகி ஓரளவு எதிர்ப்பாற்றல் பெறுகின்றனர். வெளியூரிலிருந்து சென்று குடியேறிய நமக்கு அவ்வாற்றல் இராது. ஆகவே, காய்ச்சல் கண்டவுடனே இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். பிதற்றல், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் ஒரு நாழிகையும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. விடுமுறையில் ஊர் திரும்பிய பின்னர்க் காய்ச்சல் வந்தால், நாம் எங்கிருந்து வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுதல் நலம். அவ்வொரு சொல் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.