உடல் நிறையும் தேறுதலும்: புற்றுநோய்ச் சிகிச்சையில் சகநோயாளர் துணை பற்றிய ஒரு நோக்கு

நோயிலிருந்து எழுந்த ஒருவரை நோக்கி, 'உடம்பு தேறிவிட்டது' என்று கூறுவது நமது வழக்கு. நோய் நீங்கியது என்பதும் சதை பிடித்தது என்பதும் அச்சொல்லில் ஒருங்கே அடங்கும். 'ஆறுதல், தேறுதல்' என்று இணைத்து வழங்குமிடத்து, அதுவே மனத்துயர் தணிதலையும் குறிக்கின்றது. உடல்மீட்சி, உடற்பருமன், மனமீட்சி ஆகிய மூன்றையும் ஒரு சொல்லால் வழங்கும் சமுதாயம், பசியை நெடுங்காலம் அறிந்த சமுதாயம் என்று கொள்வது தவறாகாது. ஆயினும் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது இம்மூன்றும் ஒரே திசையிற் செல்வதில்லை. உண்ண முயன்றும் மெலிபவர் உளர். குறைவாக உண்டும் பருப்பவர் உளர். இவ்விரு சாராரையும் சுற்றத்தார் அவரவர் மனவுறுதியைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். மெலிந்தவர் 'மனம் விட்டவர்' ஆகின்றார். பருத்தவர் 'வாயைக் கட்டாதவர்' ஆகின்றார். இம்மதிப்பீடு எவ்வாறு பிழையானது என்பதையும், அதனைக் களைவதற்கு அதே நோயை அனுபவித்த பிறரின் துணை எவ்வளவு தூரம் உதவும் என்பதையும், அத்துணையின் எல்லை யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய முனைவோம்.

நோயைத் தனிமனிதரின் குணவியல்பாக மாற்றும் கருத்தியலை இலக்கியத் திறனாய்வுத் துறையினர் நன்கறிவர். சூசன் சொன்ராக் 1978 இல் வெளியிட்ட 'நோய் ஓர் உருவகம்' என்னும் நூலில், காசநோயும் புற்றுநோயும் எவ்வாறு நோயாளரின் ஆளுமையின் வெளிப்பாடாகக் கற்பிக்கப்பட்டன என்பதை விரிவாக எடுத்துக்காட்டினார். உணர்ச்சிகளை அடக்கியவருக்கே புற்றுநோய் வரும் என்ற கூற்று, நோயின் சுமையோடு பழியின் சுமையையும் நோயாளர்மீது ஏற்றுவது என்பது அவர் வாதம். உடல் நிறை பற்றிய பேச்சிலும் இதே கருத்தியலே தொழிற்படுகின்றது. ஆகவே நிறைமாற்றத்தின் பௌதிகக் காரணங்களை முதலில் அறிந்துகொள்ளுதல் அவசியமாகின்றது. இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் வாய், தொண்டை சார்ந்த புற்றுநோயையும், பெண்களிடையே அதிகமாகக் காணப்படும் மார்புப் புற்றுநோயையும் இதற்கு எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளலாம். முன்னையது பெரும்பாலும் நிறை இழப்பையும், பின்னையது பல வேளைகளில் நிறை அதிகரிப்பையும் கொண்டுவருவது.

வாய்ப்புற்றின் சமூக வேர்கள் வெளிப்படையானவை. பாக்கும், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும்கூடப் புற்றுநோயைத் தோற்றுவிப்பவை என 2003 இல் கூடிய சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் அறிஞர்குழு முடிவுசெய்தது. மலைக்குளிரில் நீண்ட நேரம் உழைக்கும் தோட்டத் தொழிலாளருக்குப் பசியையும் களைப்பையும் மறக்கச் செய்யும் மலிவான பொருளாக வெற்றிலை இருந்து வந்துள்ளது. பசியை மறைத்த பொருளே பின்னர் உண்ணும் ஆற்றலைப் பறிக்கின்றது. கழுத்துக்கும் வாய்க்கும் அளிக்கப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சை பொதுவாக ஆறு அல்லது ஏழு வாரங்கள், வாரத்தில் ஐந்து நாட்கள் நடைபெறும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் வாய் புண்ணாகும், உமிழ்நீர் வற்றும், சுவை மாறும், விழுங்குவது வேதனையாகும். சிகிச்சை முடிந்த பின்னரும் சில வாரங்களுக்கு இந்நிலை நீடிக்கும். ஆகையால் இவர் உண்ணாதிருப்பது மனத்தளர்ச்சியால் அன்று, புண்ணால் என்பது தெளிவு.

இதனினும் ஆழமான ஒரு காரணமும் உண்டு. 'கசெக்சியா' என்று மருத்துவர் வழங்கும் நிலைக்குக் கிரேக்க மொழியில் 'தீய நிலை' என்பது பொருள். பட்டினியின்போது உடல் கொழுப்பை முதலிற் செலவிட்டுத் தசையை இயன்றவரை காத்துக்கொள்ளும். கசெக்சியாவிலோ, புற்றுக்கட்டியும் அதற்கெதிராக உடலில் எழும் அழற்சியும் சேர்ந்து பசியை அடக்கித் தசையையே கரைக்கின்றன. உணவை மட்டும் கூட்டுவதால் இதனை முற்றாக மீட்கமுடியாது. ஆறு மாதத்தில் உடல் நிறையின் 5 சதவீதத்துக்கு மேல் இழப்பது இதன் அறிகுறி என 2011 இல் சர்வதேச அறிஞர்குழுவொன்று வரையறுத்தது. 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவருக்கு இது வெறும் 3 கிலோகிராம். உடையைச் சற்று இறுக்கிக் கட்டினால் மறைந்துவிடும் அளவு. ஆனால் அமெரிக்காவில் 3047 நோயாளரை ஆராய்ந்து 1980 இல் வெளியான அறிக்கை, சிகிச்சைக்கு முன்னரே நிறையிழந்தோரின் ஆயுள் குறைந்திருந்ததைக் காட்டியது. சிறிய இழப்பையும் காலத்தோடு கவனித்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படுவது.

இனி, நிறை அதிகரிப்பை நோக்குவோம். மார்புப் புற்றுநோய்க்கு இரசாயனச் சிகிச்சை பெற்ற பெண்கள் பருக்கின்றனர் என்பது 1978 இல் தாதியர் சஞ்சிகையொன்றில் எதிர்பாராத கண்டுபிடிப்பாக வெளியாயிற்று. புற்றுநோயாளர் என்றால் மெலிந்தவர் என்ற படிமம் வேரூன்றியிருந்தமையால், கண்முன் இருந்த உண்மையைக் காண்பதற்கு நாளாந்தம் நோயாளரின் அருகிலிருக்கும் தாதியரின் கண் தேவைப்பட்டது எனலாம். இதற்குரிய காரணங்கள் பல. குமட்டலைத் தணிக்கக் கொடுக்கப்படும் ஸ்டெரொயிட் மருந்துகள் பசியைத் தூண்டி, உடலில் நீரைத் தங்கச் செய்கின்றன. இளம் பெண்களின் சூலகங்கள் சிகிச்சையால் செயலிழப்பதால் மாதவிடாய் முற்கூட்டியே நின்றுவிடுகின்றது. தீராத அயர்ச்சி உடலசைவைக் குறைக்கின்றது. 2001 இல் வெளியான ஓர் ஆய்வு, இப்பெண்களின் நிறை கூடியது அதிகமாக உண்டதனால் அன்று, அசைவு குறைந்ததனாலேயே எனச் சுட்டியது. கொழுப்பு கூடிய அதேவேளை தசை கூடவில்லை என்பதையும் அது காட்டியது.

இங்கு ஒன்றை மனங்கொளல் வேண்டும். தராசு கூட்டுத்தொகையை மட்டுமே கூறும். எது கூடியது, எது குறைந்தது என்பதைக் கூறாது. பருத்த உடலுக்குள் தசை நலிந்திருக்கலாம். வயிற்றிலும் காலிலும் தேங்கிய நீர் மெலிவை மறைக்கலாம். எனவே 'தேறிவிட்டாய்' என்ற பாராட்டு ஒருவருக்கு ஆபத்தை மறைப்பதாகவும், மற்றொருவருக்குக் குத்தலாகவும் அமைந்துவிடுகின்றது. குத்தலுக்கு அஞ்சிச் சிகிச்சைக் காலத்திலேயே பட்டினி கிடக்கும் பெண், கொழுப்போடு தசையையும் இழக்கின்றார். வைத்தியரின் ஆலோசனையோடு, சிகிச்சை முடிந்தபின் படிப்படியாக நிறையைக் குறைப்பதே பொருத்தமான வழி. வாரத்துக்கு 150 நிமிட நடையும், இரு நாட்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. பாரம் தூக்கினால் கைவீக்கம் பெருகும் என்று முன்னர் அஞ்சினர். 141 பெண்களைக் கொண்டு 2009 இல் வெளியான ஆய்வு, மேற்பார்வையோடு மெல்ல மெல்லக் கூட்டப்படும் பாரம் வீக்கத்தைப் பெருக்குவதில்லை எனக் காட்டியது. ஆயினும் பயிற்சிக்கான பாரமும் கூலிக்கான கூடைப்பாரமும் ஒன்றல்ல. முன்னையதை உடலின் நிலை தீர்மானிக்கின்றது. பின்னையதைக் கொழுந்து நிறுக்கும் தராசு தீர்மானிக்கின்றது.

சகநோயாளர் துணை இவ்விடத்திலேயே முக்கியத்துவம் பெறுகின்றது. 1952 இல் நியூயோர்க்கில் மார்பு அகற்றப்பட்ட தெரீஸ் லாசர் என்னும் பெண், சத்திரசிகிச்சைக்குப் பின்னர் எவ்வாறு வாழ்வது என்பதைக் கூறுவார் எவருமில்லாத நிலையில், அதே சிகிச்சை பெற்றவர்கள் புதிய நோயாளரைச் சென்று பார்க்கும் திட்டமொன்றைத் தொடங்கினார். 1969 இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் இத்துணையும் கருத்தியலுக்கு அப்பாற்பட்டதன்று. கறுப்பினக் கவிஞரான ஓட்ரி லோர்ட் 1980 இல் வெளியிட்ட புற்றுநோய்க் குறிப்பேட்டில், தம்மைப் பார்க்கவந்த தொண்டர் கம்பளியாலான செயற்கை மார்பைத் தந்து இழப்பை மறைக்கச் சொன்னதைக் கடுமையாக விமர்சித்தார். மறைத்துக்கொள்ளும் பெண்கள் ஒருவரையொருவர் அடையாளங்காண இயலாது போய்விடுகின்றனர் என்பது அவர் வாதத்தின் சாரம். பழைய தோற்றத்துக்குத் திரும்புமாறு பணிக்கும் துணை வேறு. மாறிய உடலோடு வாழக் கற்பிக்கும் துணை வேறு. பின்னையதற்கு 1996 இல் கனடாவின் வன்கூவர் நகரில் நிகழ்ந்த முயற்சி நல்ல சான்று. மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற 24 பெண்கள், விளையாட்டு மருத்துவரான டொன் மக்கென்சியின் வழிகாட்டலில், 'டிராகன்' எனப்படும் நீண்ட படகைக் கூட்டாகத் துடுப்புப் போட்டுச் செலுத்தினர். அவர்கள் எவருக்கும் கைவீக்கம் ஏற்படவில்லை. பின்னர் இவ்வியக்கம் பல நாடுகளுக்குப் பரவியது.

துணையின் பயனை மிகைப்படுத்தலும் ஆகாது. பரவிய மார்புப் புற்றுநோயுடைய 86 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1989 இல் வெளியான ஆய்வு, குழுவாகக் கூடி உரையாடியோர் சராசரியாக 36.6 மாதங்களும் ஏனையோர் 18.9 மாதங்களும் வாழ்ந்தனர் என்றது. ஆனால் கனடாவில் 235 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2001 இல் வெளியான பெரிய ஆய்வில் ஆயுள் நீடிக்கவில்லை. மனத்துயரும் வலியுணர்வுமே குறைந்தன. இவை பயிற்சி பெற்றோர் நெறிப்படுத்திய குழுக்கள் என்பதும் கருதத்தக்கது. ஆயுளைக் கூட்டாவிடினும் துன்பத்தைக் குறைக்கும் ஒன்று மதிப்பற்றதாகிவிடாது.

அன்றியும், சகநோயாளரிடம் பாடநூல்கள் விரிவாகக் கூறாத நடைமுறை அறிவு உண்டு. வாயில் உலோகச் சுவை தட்டும்போது மரக்கரண்டியால் உண்பது, சமையல் வாசனை குமட்டும்போது ஆறிய உணவை உண்பது, மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரிப்பது, புண்வாய்க்கு மிளகாயையும் தேசிக்காய்ப் புளியையும் விலக்கிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலும் முட்டையும் கரைத்த பருப்பும் சேர்ப்பது முதலியன அனுபவத்தால் கைமாறுபவை. 'இந்தப் பசி குளிசையால் வருவது, உன் பேராசையால் அன்று' என்று முன்னர் அதே குளிசையை விழுங்கிய ஒருவர் கூறும்போது, பழியின் சுமை உண்மையாகவே இறங்குகின்றது. மலையகத்திலிருந்தோ கிழக்கிலிருந்தோ மகரகமைக்குச் சென்று சிகிச்சை பெறும் ஒருவருக்கு, அவர் மொழியிற் பேசும் சகநோயாளர் ஒருவர் கிடைப்பது சிறிய உதவியன்று.

எனினும் அனுபவம் பிழையையும் கைமாற்றும். சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினியால் அழியும் என்பதும், முட்டையும் மீனும் கிரந்தி என்று விலக்கும் பத்தியமும், விலையுயர்ந்த மாவைக் குடித்தாலன்றி மீட்சியில்லை என்பதும் வாய்வழியாகவே பரவுகின்றன. லிஸ்பன் நகரில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற 111 பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளரிடையே நடந்து 2005 இல் வெளியான ஆய்வு இங்கு கவனத்துக்குரியது. வழக்கமான உணவைத் தனித்தனியே ஆலோசித்து வகுத்துக்கொண்டோர், புரதப் பானம் மட்டும் பெற்றோரைவிட மூன்று மாதங்களின் பின்னர் மேலான நிலையில் இருந்தனர். விற்பனைப் பண்டம் செய்யாததை உணவறிவு செய்தது. ஆதலின் குழுவில் வியாபாரிக்கு இடமிருத்தல் கூடாது. தாதியோ போசாக்கு ஆலோசகரோ இணைந்திருத்தல் வேண்டும். ஒருவர் நிறையை மற்றவர் நிறையோடு ஒப்பிடாது, அவரவர் முன்னைய நிறையோடு ஒப்பிடவேண்டும். திரவத்தையும் விழுங்க முடியாமை, ஒரே வாரத்தில் 2 கிலோகிராம் அளவு குறைதல், மூச்சுத்திணறலோடு அல்லது வீக்கத்தோடு நிறை திடீரெனக் கூடுதல் ஆகியவை குழுவிற் பேசித் தீர்ப்பவை அல்ல. தாமதமின்றி வைத்தியரிடம் செல்லவேண்டியவை.

இறுதியாக, இப்பிரச்சினையின் பொருளியல் அடித்தளத்தைப் புறக்கணிக்க முடியாது. ஐரோப்பிய மருத்துவப் போசாக்குச் சங்கத்தின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, புற்றுநோயாளருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 வரை கலோரியும், குறைந்தது 1 கிராம் புரதமும் வேண்டும். 60 கிலோகிராம் நிறையுடையவருக்கு இது 60 கிராம் புரதம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமே உண்டு. சோறும் சம்பலும் தேநீரும் இத்தேவையை நிறைவேற்றா. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியபோது, மருந்து இலவசமாகக் கிடைத்த நோயாளருக்கும் முட்டை எட்டாப் பொருளாயிற்று. கிளினிக்குக்குச் செல்லும் நாள் நாட்கூலி பெறுபவருக்குக் கூலியிழந்த நாளுமாகும். இந்நிலையில் மெலிவை மனவுறுதியின்மை என்பது வர்க்க உண்மையை மறைப்பதாகும்.

ஆகவே சகநோயாளர் துணையை அரசின் கடமைக்கு மாற்றீடாகக் கொள்ளுதல் தவறு. தென்கோடியிலிருந்து பருத்தித்துறை வரை 2011 இல் நடந்த நடைபவனி திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தமை மக்கள் கூட்டுணர்வின் ஆற்றலைக் காட்டும். ஆனால் கட்டடத்தினுள் நாள்தோறும் போசாக்கு ஆலோசனை கிடைப்பது நிலையான ஏற்பாட்டைப் பொறுத்தது. ஒவ்வொரு கிளினிக்கிலும் நிறையைக் கிரமமாகப் பதிதல், நோயாளரின் மொழியில் உணவு ஆலோசனை, சிகிச்சைக் காலத்துக்கு உணவுப்படியும் பயணப்படியும் ஆகியவை குறைந்தபட்சக் கோரிக்கைகள். தனித்தனியே வெட்கி நின்றவர்கள் ஒன்றுகூடித் தமது உடல்மாற்றங்களின் பொதுக் காரணங்களை அறியும்போதே இக்கோரிக்கைகளை எழுப்பக்கூடியவர்கள் உருவாகின்றனர். ஆறுதல் கூறுவதோடு நின்றுவிடாது இப்பணியையும் ஏற்கும் குழுக்களே நமக்குத் தேவையானவை.