பழைய மோட்டார் வண்டியின் உண்மை விலை

இலங்கையிலே, சிறப்பாக யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே, சில வீடுகளின் கோடிப்புறத்தில் கிடுகுக் கொட்டிலொன்றின் கீழ்ப் பழைய மோட்டார் வண்டியொன்று உறங்கிக்கொண்டிருப்பதை இன்றும் காணலாம். ரயர்களிற் காற்றிராது. முன்கண்ணாடியின்மேல் வேப்பஞ்சருகு படிந்திருக்கும். பின் ஆசனத்தில் கோழி முட்டையிட்டு அடைகாத்த அடையாளமும் இருக்கும். வீட்டுக்குரியவர் வைத்தியராகவோ தலைமையாசிரியராகவோ இருந்த காலத்தில் ஆசையோடு வாங்கிய வண்டி அது. அதனைக் காணும் ஒருவர், 'இதைத் திருத்தி ஓட்டினால் என்ன?' என்று எண்ணுகின்றார், விலையைக் கேட்கின்றார், சொல்லப்படும் தொகை சிறிதாகத் தோன்றுகின்றது. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையின் ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்து, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுகின்றார். இரண்டு ஆண்டுகளின் பின்னர் அந்த வண்டி வேறொரு கொட்டிலில், முன்னிலும் பல துண்டுகளாகக் கிடக்கின்றது. இத்தகைய கதைகள் அரியனவல்ல. வாங்கும் விலை முதற்கொடுப்பனவு மட்டுமே என்பதையும், மீதிக் கொடுப்பனவு எங்கே மறைந்திருக்கின்றது என்பதையும் அறியாமல் இறங்குவதே இதற்குக் காரணமாகும்.

இந்நாட்டிற் பழைய வண்டிகள் இவ்வளவு காலம் நிலைத்தமைக்கு ஆசை மட்டும் காரணமன்று. 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியினால் மோட்டார் வண்டிகளின் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த வண்டியைத் திருத்தி ஓட்டுவதன்றி மக்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. அக்காலத்துக் கராச்காரர்கள் இல்லாத உறுப்பைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து பொருத்தக் கற்றுக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்திலோ 1990இல் மீண்டும் மூண்ட போரும் அதனோடு வந்த பொருளாதாரத் தடையும் இந்த வித்தையை மேலும் நீடிக்கச் செய்தன. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40உம் அங்கே அலங்காரப் பொருள்களாயிருக்கவில்லை. நோயாளியை மருத்துவமனைக்கும் மணமகளை மண்டபத்துக்கும் ஏற்றிச் சென்றவை அவையே. 2009இற் போர் முடிந்த பின்னரும் யாழ் நகரில் ஒஸ்ரின் வண்டிகள் வாடகைக்கு நின்றன. பின்னர் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டு, தனியார் மோட்டார் வண்டிகளுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. அந்த இடைவெளியில் எல்லாப் பழைய வண்டிகளின் விலையும் ஏறியது. கொட்டிலில் கிடந்த கறள் பிடித்த வண்டிக்கும் 'அரும்பொருள்' என்ற பெயர் வந்தது. வாங்குவோர் முன்னிலும் விழிப்பாயிருக்க வேண்டிய காலம் இது.

வண்டியைப் பார்க்கச் செல்பவர் பெரும்பாலும் செய்யும் முதற்காரியம் முன்மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பதாகும். எஞ்சின் இறுகி அசையாவிட்டால் மனம் தளர்கின்றார், சுழன்றால் மகிழ்கின்றார். இரண்டும் பிழையான அளவுகோல்களே. பழைய வண்டியில் மலிவாகத் திருத்தக்கூடிய பெரிய உறுப்பு எஞ்சினேயாகும். அதன் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கின்றது. அதனைக் காண முழங்காலிட்டு வண்டியின் கீழே நோக்குதல் வேண்டும்.

இங்கே மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் ஏ 40 டெவன், சொமர்செற் என்பவற்றுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை அறிதல் நன்று. 1947இல் வந்த டெவனும் 1952இல் அதன் இடத்தைப் பிடித்த சொமர்செற்றும் தனியான அடிச்சட்டத்தின்மேல் உடலைத் தூக்கி வைத்து ஆணியால் முடுக்கப்பட்டவை. மாட்டு வண்டியின் அச்சும் பாரும் போலக் கீழுள்ள சட்டம் பாரத்தைச் சுமக்கின்றது. மேலுள்ள தகடு உறைதான். எனவே கதவடித் தகடு உக்கிப்போனாலும் சட்டம் உறுதியாயிருந்தால் வண்டியைக் காப்பாற்ற இடமுண்டு. மொறிஸ் மைனரோ அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்து 1948இல் வெளிவந்தது. அதற்குத் தனி அடிச்சட்டம் இல்லை. தளமும் கதவடிப் பெட்டியும் பக்கத் தகடுகளும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு, நண்டின் ஓடு போல, உடலே எலும்பாகவும் அமைந்துள்ளது. ஆகவே அதில் தகடு உக்குதல் அழகுக் குறைவு மட்டுமன்று. முதுகெலும்பு முறிவு ஆகும். 1954இல் வந்த ஒஸ்ரின் கேம்பிரிஜிலும் இந்த முறையே கையாளப்பட்டது என்பதையும் மறத்தலாகாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த வீடும் கடலுக்கு வெகுதூரத்தில் இல்லை. உப்புக்காற்று தகட்டின் வெளிப்புறத்தைவிட உட்புறத்தையே மிகுதியாகத் தின்கின்றது. மைனரிற் பார்க்க வேண்டிய இடங்கள் தெளிவானவை: கதவுகளின் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டித் தகடு, கால் வைக்கும் தளம், பின்பக்க வில்லுத் தகடுகள் தொங்கும் இடம், முன்சக்கரங்களின் முறுக்குக் கம்பிகள் வந்து பிடிக்கும் குறுக்குச் சட்டம். இவற்றை ஒரு திருப்புளியின் நுனியால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு 'கண்' என்று ஒலிக்கும். உக்கியது பிஸ்கற்றுப் போல நொறுங்கும். வெளிப்புறத்தில் வழவழப்பான புதுவர்ணம் பூசியிருந்தால், சிறிய காந்தமொன்றைக் கைக்குட்டையிற் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்திப் பார்க்கலாம். காந்தம் பிடிக்காமல் வழுகும் இடத்தில் தகடு இல்லை, களிம்பே இருக்கின்றது. புதுவர்ணம் பூசப்பட்ட பழைய வண்டியைவிட, வர்ணம் உரிந்து உண்மையைக் காட்டிக்கொண்டு நிற்கும் வண்டி எத்தனையோ மடங்கு நம்பத்தக்கது.

இன்னுமோர் எளிய சோதனை உண்டு. கதவுகளை மூடி, கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலும் கீழும் பார்க்க வேண்டும். பின்பு ஒரு பக்கத்தை மெல்ல ஜக்கினால் உயர்த்தி மறுபடியும் பார்க்க வேண்டும். இடைவெளி மாறுமாயின், அல்லது கதவு திறக்க மறுக்குமாயின், வண்டி நடுவில் வளைகின்றது என்பது பொருள். அத்தகைய மைனரைத் திருத்துவதற்குத் தகட்டு வேலையில், இந்நாட்டார் ரிங்கர் வேலை என்று சொல்லுவதில், கைதேர்ந்தவர் வேண்டும். உடலைத் தாங்கிகளின்மேல் நேராக நிறுத்தி, கதவுகள் பொருந்துகின்றனவா என்று அடிக்கடி சோதித்துக்கொண்டே வெட்டி ஒட்டுதல் வேண்டும். இப்படிச் செய்யாமல் ஒட்டிவிட்டால் வண்டி கோணலாகவே நிலைத்துவிடும். இந்தத் தொழிலறிந்த முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றார்கள். அவ்வாறான ஒருவர் அருகில் இல்லாத ஊரில் உடல் உக்கிய மைனரை வாங்குதல் பெருந்தவறாகும். பின்புறம் மரச்சட்டம் அமைந்த மைனர் ரவலர் வண்டியிலோ அந்த மரமும் பாரம் சுமக்கும் உறுப்பே. அது அலங்காரம் என்றெண்ணி, ஈரத்தாலோ கறையானாலோ அரிக்கப்பட்டதைப் பொருட்படுத்தாமல் வாங்கியவர் பின்னர் தச்சனையும் தேட வேண்டியவராவார்.

இனி எஞ்சினுக்கு வரலாம். இறுகிய எஞ்சினைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பிளக்குகளைக் கழற்றி, உருளைகளுள் மெல்லிய எண்ணெயை விட்டுச் சில நாட்கள் ஊறவைத்து, பின்னர் முன்புறக் கைப்பிடியைக் கொண்டு மெதுவாக அசைத்துப் பார்ப்பது வழக்கம். பலவந்தம் கூடாது. பெரும்பாலானவை அசையும், அசையாதவற்றையும் பிரித்து, உருளைகளைப் பெருப்பித்துக் கடைந்து, பெரிய பிஸ்ரன்களை இடலாம்.

ஆயினும் யாழ்ப்பாணத்து வண்டிகளுக்கென்று தனியான ஒரு வரலாறு உண்டு. 1990க்குப் பின்னர் பெற்றோல் கிடையாதொழிந்தபோது அவை மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரிற் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை முடுக்கி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அவ்வளவு அரிய பெற்றோலைச் சிறு போத்தலில் மருந்துபோலக் காப்பாற்றினார்கள். புதிய வண்டிகளால் இயலாத இதனைப் பழைய வண்டிகள் செய்தமைக்குக் காரணம், அவற்றின் அமுக்க விகிதம் குறைவு என்பதாகும். சொமர்செற்றில் அது ஏறத்தாழ 7க்கு 1. உயர்ந்த அமுக்கத்தில் மண்ணெண்ணெய் காலத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டும். குறைந்த அமுக்கத்தில் ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். அதனால் உருளையும் வளையமும் அடித்தாங்கிகளும் தேய்ந்தன. போர்க்காலத்தில் ஓடிய வண்டி என்றால், எஞ்சின் அன்றைக்குப் பின்னர் முழுமையாகப் பிரித்துத் திருத்தப்பட்டதா என்று கேட்டறிதல் வேண்டும். இல்லையெனில் அந்தச் செலவை விலையிற் கழித்துக்கொள்ளலாம். வண்டியைக் கைவிடுவதற்கு அது காரணமாகாது.

மைனர் வாங்குபவருக்கு எஞ்சினில் ஒரு தெரிவும் உண்டு. தொடக்க காலத்து 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கு உறுப்புகள் தேடுவது கடினம். 1952இல் 803 அளவிலும், 1956இல் 948 அளவிலும், 1962இல் 1098 அளவிலும் வந்தவை ஏ வரிசை என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பம் மினி வண்டியில் 2000ஆம் ஆண்டு வரை தொடர்ந்து செய்யப்பட்டமையால் உறுப்புகள் இன்னும் கிடைக்கின்றன. முதன்முறையாக இத்துறையில் இறங்குபவருக்கு 948 அல்லது 1098 உள்ள வண்டியே தக்கது. முன்கண்ணாடி நடுவில் பிரிவின்றி ஒரே துண்டாயிருந்தால் அது 1956 முதலான உடல் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

கொழும்புப் பஞ்சிகாவத்தையின் பழைய உறுப்புக் கடைகளில் பொறுமையுள்ளவருக்குப் பலவும் அகப்படும். இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள மொறிஸ் மைனர் நிலையத்துக்காக 1990களில் இலங்கையிலேயே தகட்டுப் பகுதிகள் செய்யப்பட்டன என்பது பலர் அறியாத செய்தி. எனினும் உறுப்புகள் குறைந்த வண்டி ஏமாற்றக்கூடியது. பெரிய உறுப்பு ஒன்று இல்லையெனில் அதன் விலை தெரியும். கதவுப் பிடி, கண்ணாடி உயர்த்தும் பற்சக்கரம், விளக்கு வளையம், முகப்புக் கிராதி போன்ற இருபது முப்பது சிறு பொருள்கள் இல்லையெனில் அவற்றைத் தேடும் காலத்துக்கு அளவேயில்லை. முன்னொருவர் திருத்தத் தொடங்கி இடையிற் கைவிட்டு, பெட்டிகளில் அடைத்து விற்கும் வண்டியே எல்லாவற்றிலும் ஆபத்தானது. எது குறைகின்றது என்பது விற்பவருக்கும் தெரியாது.

யப்பானிய எஞ்சினோ டீசல் எஞ்சினோ மாற்றிப் பொருத்திய வண்டிகளும் பல. நாள்தோறும் ஓட்ட விரும்புபவருக்கு அது குறையன்று. ஆனால் மாற்றம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். பத்திரங்களின் நிலையை விலை பேசுவதற்கு முன்னரே அறிந்துகொள்வது அவசியம். அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். சி.என்., ஈ.எல்., ஈ.என். போன்ற ஆங்கில எழுத்துக்களோடு கூடிய இலக்கம் 1957க்கு முந்திய பதிவைக் காட்டும். அவ்வாண்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. பதிவிலுள்ள உரிமையாளர் காலமாகியிருக்கலாம். அல்லது குடும்பத்தோடு கனடாவிலோ இலண்டனிலோ இருக்கலாம். கையொப்பமிட்ட வெறுந்தாளோடு வண்டி பல கை மாறியிருக்கவும் கூடும். உரிமையாளர் இறந்தவராயின் அவருடைய உரித்தாளர் யாவரினதும் சம்மதத்தையும் சட்டப்படி பெறுதல் வேண்டும். வண்டியை முற்றாகத் திருத்தி முடித்த பின்னர், வெளிநாட்டிலிருந்து வந்த மகனொருவன் 'இது அப்பாவின் வண்டி' என்று கேட்டால் மறுமொழி சொல்ல முடியாது. பத்திரம் இல்லாத வண்டியை உறுப்புகளுக்காக வாங்கலாம், ஓட்டுவதற்காக வாங்கலாகாது.

ஆகவே வாங்க நினைப்பவர் இரண்டாம் முறையும் சென்று பார்த்தல் நலம். முதல் நாளில் கண்கள் வண்டியைப் பார்ப்பதில்லை. வாலிப காலத்தையே பார்க்கின்றன. இரண்டாம் நாளில் ரிங்கர் வேலைக்காரர் ஒருவரையும் கூட்டிச்சென்று, தகட்டு வேலை, எஞ்சின், பிறேக்கு, மின்கம்பிகள், இறப்பர்ப் பட்டிகள், ஆசன உறை, வர்ணம், முலாம் பூசுதல் என ஒவ்வொன்றுக்கும் செலவை எழுதிக் கூட்டிப்பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை, நன்றாகத் திருத்தி ஓடிக்கொண்டிருக்கும் அதேவகை வண்டியொன்றின் விலையைத் தாண்டுமாயின், ஓடும் வண்டியை வாங்குதலே மேல். பெரும்பாலும் தாண்டவே செய்யும். அவ்வாறு தாண்டியும் வாங்குவதற்கு ஒரே நியாயம், அது தந்தையோ பாட்டனோ ஓட்டிய வண்டியாயிருப்பது. அப்போது அது கொள்வனவன்று, குடும்பக் கடன். அதற்குரிய பணத்தை முதலீடு என்று கணக்கெழுதாமல், செலவு என்றே எழுதிக்கொள்ள வேண்டும்.

வாங்கிய வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளும் ஆபத்து நிறைந்தது. கயிறு கட்டி இழுத்துவருவது பலருடைய வழக்கம். மைனரின் பிறேக்கு எண்ணெய்த் தொட்டி சாரதியின் காலடித் தளத்தின் கீழே ஒளிந்திருப்பதால், பல ஆண்டுகள் எவரும் அதனைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். பிறேக்கு இல்லை என்றே கொள்ள வேண்டும். அதனோடு, முன்சக்கரத்தைத் தாங்கும் தூணின் அடியில் ட்றனியன் எனப்படும் மரையிட்ட மூட்டு ஒன்று உண்டு. காலந்தோறும் கிறீஸ் இடப்படாவிட்டால் அதன் மரை தேய்ந்து, ஒருநாள் திடீரெனக் கழன்று, சக்கரம் வண்டியின் அடியில் மடிந்துவிடும். ஆகையால் லொறியொன்றில் ஏற்றிவந்து, எஞ்சினை முடுக்கும் ஆவலை அடக்கி, முதலில் அந்த மூட்டுகள் இரண்டையும் கழற்றிப் பார்த்தல் வேண்டும்.