நடுக்கமே எடைக்கல்

பெயரில்தான் நோக்கி, அணுவிசை நுண்ணோக்கி செய்வதெல்லாம் தடவல்தான். 1986இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் இதை அறிமுகப்படுத்தியபோது, தங்கத் தகட்டில் ஒட்டிய வைரத் துணுக்குதான் தடவும் முனை. இன்றைய முனை சிலிக்கானிலோ சிலிக்கான் நைட்ரைடிலோ ஆனது. தலைமுடியைவிட மெல்லிய ஒரு பட்டையின் நுனியில் அது நிற்கும். கான்டிலீவர் என்னும் அந்தப் பட்டையின் முதுகில் லேசர் பட்டுத் தெறிக்கும். பட்டை வளைந்தால் ஒளிப்புள்ளி நகரும். உணரி அதை வோல்ட்டில் சொல்லும்.

நீரில் இயங்கும் புரதத்தைக் காயவைத்துப் பார்ப்பது கருவாட்டைப் பார்த்து மீன் நீந்துவதை ஊகிப்பது போல. அதனால் முனையையும் நீரில் இறக்கினார்கள். ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் இழை பின்னுவதை 1989இலேயே சாண்டா பார்பராவில் ஹன்ஸ்மா குழு நீருக்குள் படமெடுத்தது.

உணரி சொல்லும் வோல்ட்டை விசையாக மாற்ற இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, ஒரு வோல்ட்டுக்கு எத்தனை நானோமீட்டர் வளைவு என்பது. செல்லோடேப் ஒட்டி உரித்த காக்காப்பொன்னின் புதுப் பரப்பில் முனையை அழுத்துவார்கள். அது அமுங்காது, பட்டையின் அடிப்பகுதி 10 நானோமீட்டர் இறங்கினால் பட்டையும் அவ்வளவே வளையும். காற்றில் எடுத்த கணக்கு இங்கே செல்லாது. நீரில் லேசரின் பாதை மாறுவதால் மறுபடி அளக்க வேண்டும்.

மற்றது பட்டையின் விறைப்பு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நான் நம்பமாட்டேன். விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். தடிமன் பத்து சதவீதம் கூடினாலே விறைப்பு முப்பது சதவீதத்துக்கு மேல் எகிறிவிடும். இத்தனை சிறியதை எந்தத் தராசில் நிறுக்க? 1993இல் ஹட்டரும் பெக்ஹோஃபரும் காட்டிய வழி அழகானது: எதையும் தொடாமல் பட்டையைச் சும்மா விட்டுவிடுங்கள். நீர் மூலக்கூறுகள் மோத மோத அது தானாகவே நடுங்கும். அறை வெப்பத்தில், மீட்டருக்கு 0.1 நியூட்டன் விறைப்புள்ள பட்டை சராசரியாக 0.2 நானோமீட்டர் ஆடும். ஆட்டம் கூடினால் பட்டை இளசு, குறைந்தால் விறைப்பு.

ஆனால் நீர் பட்டையோடு சேர்ந்து அசையும். பட்டையின் இயல்பான அதிர்வெண் காற்றில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழலாம். கூரிய சிகரமாக எழுந்த அதிர்வு வரைபடம் பரந்த மேடாகிவிடும். தங்கப் பூச்சுள்ள பட்டை வெப்பம் மாறினாலே வளையும் என்பதால், நீரில் இறக்கியதும் அரை மணி நேரம் பொறுத்திருப்பது நல்லது. குமிழி ஒன்று ஒட்டிக்கொண்டாலோ, அன்றைய அளவீடு அவ்வளவுதான்.

கைதேர்ந்தவர்கள் காக்காப்பொன்னில் அழுத்துவதைப் படமெடுத்த பிறகே செய்வார்கள். அழுத்தினால் கூர் போய்விடும். 20 நானோமீட்டர் ஆரத்துக்கு மழுங்கிய முனையில், 2 நானோமீட்டர் டி.என்.ஏ. இழை ஏறத்தாழ 18 நானோமீட்டர் அகலத்தில் தெரியும்.