ஒழுகும் எண்ணெயும் உள்ளிருக்கும் பித்தளையும்

பழைய மோட்டார் வண்டி ஒன்றை வைத்திருப்போர் விடியற்காலையில் தவறாது செய்யும் காரியம் ஒன்றுண்டு. வண்டியின் கீழே குனிந்து, நிலத்தில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்ப்பதே அது. சொட்டியிருந்தால் முகஞ் சுளிப்பதும், பின்னர் ‘பழைய வண்டிதானே’ என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்வதும் வழக்கம். நாமும் ஓராண்டு காலம் அவ்வாறே தேற்றிக்கொண்டிருந்தோம். அதனால் வந்த நட்டத்தையும், அந்த நட்டம் புகட்டிய பாடத்தையும் வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது வண்டி 1964 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரின் தலைமையில் வடிவமைக்கப்பட்டு 1948 இல் வெளிவந்த இவ்வின வண்டியே, பிரித்தானியக் கார்களுள் முதன்முதலாகப் பத்து இலட்சம் என்னும் தொகையை எட்டியது. எம் தந்தையார் இதனை 1978 இல் வாங்கினார். குடாநாட்டிற்குப் பெற்றோல் வாராதிருந்த 1990 களில், ஊரிலுள்ள ஏனைய கார்களைப் போல் இதுவும் மண்ணெண்ணெயிலேயே ஓடியது. கிளப்புவதற்கு வேண்டிய சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விடும் பணி அப்போது சிறுவராயிருந்த எம்முடையது. அக்காலத்திலும் நின்றுவிடாத வண்டி, தந்தையார் மறைந்து எமது கைக்கு வந்தபின் எமது அறியாமையால் நடுத்தெருவில் நின்றது.

நடந்தது இதுதான். வண்டியின் நடுப்பகுதியில், கியர்ப்பெட்டியின் கீழே, நாள்தோறும் சில துளி எண்ணெய் சொட்டிற்று. ‘எண்ணெய் மெல்லியதாயிருப்பதனாலன்றோ ஒழுகுகிறது? தடித்த எண்ணெயை ஊற்றினால் நின்றுவிடும்’ என எமக்குத் தோன்றியது. கடைக்குச் சென்று, இருந்தவற்றுள் மிகத் தடித்ததும் விலை கூடியதுமான 140 ஆம் இலக்கக் கியர் எண்ணெயை வாங்கி ஊற்றினோம். ஒழுக்கு இரண்டு வாரம் குறைந்தது. எமது புத்திக்கூர்மையை நாமே மெச்சிக்கொண்டோம். பின்னர் ஒழுக்கும் திரும்பிற்று. கியர் மாற்றுந்தோறும் பல்லோடு பல் உரசும் ஓசையும் உடன் வந்தது.

தாயாரைக் கண் வைத்தியத்துக்கு அழைத்துச் சென்ற ஒரு காலையில், நாற்சந்தியொன்றில் இரண்டாம் கியர் விழாமல் நடுவீதியில் நின்றோம். பின்னால் வந்த பேருந்து ஊதிய ஊதலில் தாயார் நடுங்கிப் போனார். வீடு திரும்பியதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “தம்பி, உன்ரை அப்பா இருந்தால் இந்தக் காரை இப்பிடி விட்டிருப்பாரோ?”

அக்கேள்விக்கு எம்மிடம் விடையிருக்கவில்லை. அன்று மாலையே, மைனர் வண்டிகளில் ஆயுளைக் கழித்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் கியர்ப்பெட்டி எண்ணெயை வடித்து, வெள்ளைத் துணியொன்றில் சிறிது தோய்த்து, வெயிலில் விரித்துக் காட்டினார். துணியிலே பொன்துகள் போல ஏதோ மின்னியது. “பொன் இல்லை மாஸ்ரர், பித்தளை. பிள்ளையளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறியள். எண்ணெய் என்ன தக்கையோ, ஓட்டையை அடைக்கிறதுக்கு?” என்றார்.

அவ்வொரு வினாவில் முழுப் பாடமும் அடங்கியிருந்தது. ஒழுக்கை நிறுத்துவது ஒரு வேலை. எண்ணெயைத் தெரிவது வேறொரு வேலை. முன்னது வெளியே உள்ள துவாரத்தைப் பற்றியது. பின்னது உள்ளே உள்ள உலோகத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாக்கியதே எமது பிழை.

ஒழுகுமிடத்தை அறிதல்

முதலில், சொட்டுவது எந்த எண்ணெய் என்று அறிதல் வேண்டும். இரவில் வண்டியின் கீழே பழைய பத்திரிகைத் தாளை விரித்து, முன் சில்லுகள் நின்ற இடத்தை அதிற் குறித்துக்கொண்டால், எப்பகுதியிலிருந்து சொட்டுகிறது என்பது காலையில் விளங்கும். எஞ்சின் எண்ணெய் பெரும்பாலும் கறுத்திருக்கும். கியர் எண்ணெய்க்குக் கந்தகத்தின் காரமான மணமுண்டு. நீர்போல் மெல்லியதாய், பட்ட இடத்தில் வர்ணப் பூச்சைக் கரைப்பதாய் இருந்தால் அது பிறேக் எண்ணெயாகலாம். அவ்வாறாயின் பழுது பார்க்கும்வரை வண்டியை நகர்த்தவே கூடாது.

அடுத்து, கியர்ப்பெட்டியின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவித் துடைத்து, சில மைல் தூரம் ஓட்டிவந்து பார்த்தல் வேண்டும். கழுவாமற் பார்த்தால் ஒன்றும் புலப்படாது. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கிப் பரப்பிவிடுமாதலால், நனைந்த இடம் எல்லாம் ஒழுகும் இடம் அன்று. நனைவு தொடங்கும் மிக உயர்ந்த, மிக முன்னுள்ள புள்ளியே ஒழுக்கின் பிறப்பிடமாகும்.

ஒழுக்குகள் தோன்றும் இடங்கள் சிலவே. அடியிலுள்ள வடிமுளையின் வொஷர் நைந்திருக்கலாம். மூடிகளின் கீழுள்ள கடதாசிக் கஸ்கெற் கிழிந்திருக்கலாம். வேகமானிக் கம்பி உட்புகும் இடம் கசியலாம். புறொப்பல்லர் தண்டு பெட்டியினுள் நுழையும் பின்வாயில் உள்ள ஒயில் சீல் தேய்ந்திருக்கலாம். கிளச் உறையின் அடித்துளையிலிருந்து எண்ணெய் வடிந்தால், அது எஞ்சினின் பின்புறத்திலிருந்தோ கியர்ப்பெட்டியின் முன்புறத்திலிருந்தோ வருவதாகும். இவ்வொன்றுக்கே பெருவேலை தேவைப்படும். காற்றுத்துளை உள்ள கியர்ப்பெட்டிகளில், அத்துளை சேற்றினால் அடைபட்டால், சூட்டினால் விரியும் காற்று வெளியேற வழியின்றி நல்ல சீலின் ஊடாகவும் எண்ணெயைத் தள்ளும். அளவுக்கு மிஞ்சி எண்ணெய் ஊற்றுவதாலும் ஒழுக்கு உண்டாகும். வண்டி மட்டமான நிலத்தில் நிற்க, நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் நிற்பதே பெரும்பாலான பெட்டிகளுக்குச் சரியான அளவு.

ஒழுக்கை நிறுத்துதல்

எமது வண்டியில் குற்றவாளி பின்வாயிற் சீல்தான். றப்பர் உதடு கொண்ட ஒரு சிறு வளையம். அதன் விலை நாம் வாங்கிய தடித்த எண்ணெயின் விலையிலும் குறைவு! இதனை மாற்றுவதற்குக் கியர்ப்பெட்டியைக் கழற்ற வேண்டியதே இல்லை. எண்ணெயை வடித்தபின் புறொப்பல்லர் தண்டைக் கழற்றி இழுத்தால் சீல் கண்ணுக்குத் தெரியும்.

இவ்வேலையில் கவனிக்க வேண்டியவை சில உள. வண்டியை ஜக்கில் மாத்திரம் உயர்த்தி அதன் கீழே செல்வது உயிருக்கு ஆபத்து. உறுதியான தாங்கிகளை வைத்து, சில்லுகளுக்கு முட்டுக்கொடுத்த பின்னரே உள்ளே செல்லல் வேண்டும். புதிய சீலைப் பொருத்தும்போது அதன் சுருள்வில் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கியிருத்தல் வேண்டும். உதட்டிலே சிறிது எண்ணெய் பூசி, மரக்கட்டையொன்றை வைத்து, கோணாதபடி சுற்றிவரத் தட்டி இறக்க வேண்டும். சீல் உராயும் தண்டின் மேற்பரப்பையும் விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே நகம் இடறும் பள்ளம் இருந்தால், எத்தனை புதிய சீல் போட்டாலும் ஒழுக்கு நில்லாது.

எண்ணெயைத் தெரிதல்

இனி, பலரும் மயங்கும் இடத்துக்கு வருவோம். எண்ணெய்க் கலன்களின் மேல் இரு வகைக் குறிகள் உள. ஒன்று தடிப்பைக் கூறுவது; மற்றையது உட்சேர்ந்த இரசாயனத்தைக் கூறுவது.

தடிப்பைக் கூறுவது எஸ்.ஏ.ஈ. இலக்கம். கியர் எண்ணெய் 90 என்பது எஞ்சின் எண்ணெய் 30 இலும் மூன்று மடங்கு தடித்தது என்று எண்ணுவோர் பலர். அது தவறு. பரனைற், செல்சியஸ் என வெப்பத்துக்கு இரண்டு அளவுகோல்கள் இருப்பதுபோல, எஞ்சின் எண்ணெய்க்கு ஓர் அளவுகோலும் கியர் எண்ணெய்க்கு வேறோர் அளவுகோலும் உள. 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எஞ்சின் எண்ணெய் 30 இன் பிசுக்குமை 9.3 முதல் 12.5 சென்ரிஸ்ரோக் வரையாகும். எஞ்சின் எண்ணெய் 50 இற்கு அது 16.3 முதல் 21.9 வரை. கியர் எண்ணெய் 90 ஓ 13.5 இல் தொடங்குகிறது. ஆகவே 90 என்பது எஞ்சின் எண்ணெய் 40, 50 ஆகியவற்றின் அயலவரே. நாம் ஊற்றிய 140 ஓ 24 இலே தொடங்குவது.

இரசாயனத்தைக் கூறுவது ஜீ.எல். என்னும் குறி. பற்கள் ஒன்றையொன்று கடுமையாக அழுத்தும் இடங்களில் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடாதிருக்கக் கந்தகமும் பொசுபரசும் கொண்ட சேர்வைகளை எண்ணெயிற் கலப்பர். ஜீ.எல். 5 இல் இச்சேர்வை மிகுதி; ஜீ.எல். 4 இல் ஏறத்தாழ அதன் பாதி. பின் அச்சிலுள்ள ஹைப்போயிட் பற்கள் ஒன்றன்மேலொன்று வழுக்கியபடியே அழுத்துவன. அவற்றைக் காப்பதற்கென்றே ஜீ.எல். 5 ஆக்கப்பட்டது.

கியர்ப்பெட்டியின் தேவையோ வேறு. அங்கே பித்தளை அல்லது வெண்கலத்தாலான சின்க்ரோ வளையங்கள் உள. நாம் கியர் மாற்றும்போது அவ்வளையம் சுழலும் பற்சில்லின் கூம்பைக் கவ்விப்பிடித்து, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. கவ்வுவதற்கு உராய்வு வேண்டும். எண்ணெய் மிகத் தடித்திருந்தால் வளையம் அதனைக் கூம்பிலிருந்து வழித்தெறிய இயலாது. மிக வழுக்குவதாயிருந்தால் கவ்வவே இயலாது. அதன்மேலும், சூடேறிய வேளையில் கந்தகம் செம்புக் கலப்புள்ள உலோகங்களை அரிக்கவல்லது. செம்புப் பாத்திரம் கந்தகம் பட்டுக் கறுப்பதை ஆய்வுகூடத்தில் மாணவர் கண்டிருப்பர். எமது கலனின் மேலே இருந்த குறியும் ஜீ.எல். 5 தான். வளையங்கள் அழிந்தமைக்குப் பாதிக் காரணம் முதுமை. மறுபாதி எமது எண்ணெய் என்றே மெக்கானிக் தீர்ப்பளித்தார். பெட்டியைக் கழற்றி வளையங்களை மாற்றும் செலவு எமக்கு நேர்ந்தது.

அவ்வாறாயின் மைனருக்கு உரிய எண்ணெய் யாது? வியப்பு என்னவெனில், அதன் கியர்ப்பெட்டி கேட்பது கியர் எண்ணெயையே அன்று. எஞ்சினுக்கு ஊற்றும் அதே எண்ணெயைத்தான். அதன் அளவு இரண்டேகால் பைந்து, அதாவது 1.3 லீற்றர். பின் அச்சுக்கு மாத்திரமே ஹைப்போயிட் 90 எண்ணெய் உரியது. அதே இசிகோனிஸ் வடிவமைத்து 1959 இல் வெளிவந்த மினியிலோ எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய்த் தொட்டிதான். நம் பிள்ளைகள் ஓட்டும் நாலடிப்பு மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவையும் அவ்வகையினவே. அங்கே எஞ்சின் எண்ணெயே கிளச்சையும் நனைப்பதால் மோட்டார் சைக்கிளுக்கென ஆக்கிய எண்ணெயையே ஊற்றல் வேண்டும். வேறு வண்டிகளின் கைமுறைக் கியர்ப்பெட்டிகள் பல ஜீ.எல். 4 ஐ வேண்டி நிற்பன. ஆகவே ‘எது உயர்ந்த எண்ணெய்?’ என்று கடைக்காரரைக் கேளாது, ‘எது உரிய எண்ணெய்?’ என்று வண்டியின் கைந்நூலைக் கேட்டல் வேண்டும்.

வடித்த எண்ணெய்

இல்லத்தரசிகளுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வடித்த எண்ணெயை வேலியோரத்தில் ஊற்றுவது ஊர்வழக்கம். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புப் பாறையாலானது. அதன் வெடிப்புகளூடாக எதுவும் விரைவில் இறங்கும். சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் மக்கள் பட்ட அச்சத்தை நாம் மறந்துவிடலாகாது. பழைய கலனில் அடைத்து, கழிவெண்ணெய் சேர்ப்போரிடம் கொடுப்பதே முறை.

இறுதியாக ஒன்று. வேலை முடிந்து வண்டியைத் துப்புரவாக்கியபோது, உள்ளறையில் கிடந்த பழைய கைந்நூல் எமது கைக்கு வந்தது. இத்தனை ஆண்டுகளில் நாம் அதனைப் புரட்டியதே இல்லை. எண்ணெய் பற்றிய பக்கத்தின் ஓரத்தில் தந்தையார் நீலப் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘கியர்ப்பெட்டிக்கும் எஞ்சின் எண்ணெயே. மாற்றற்க.’ அதன் கீழே அவர் எண்ணெய் மாற்றிய திகதிகள் வரிசையாக இருந்தன. தாயாரிடம் அதனைக் காட்டினோம். மூக்குக்கண்ணாடியை அணிந்து நெடுநேரம் பார்த்தவர், ஒன்றும் சொல்லாது நூலை எம்மிடம் திருப்பித் தந்தார்.

அவ்வரிசையின் கீழே இப்போது எமது கையெழுத்திலும் ஒரு திகதி உண்டு. இரவில் வண்டியின் கீழே தாள் விரிக்கும் வழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை. காலையில் அதனை எடுத்துப் பார்க்கும் பணியை எமது மகன் ஏற்றிருக்கிறான்.