ஏட்டில் ஏறாத காயம்

பிலிமத்தலாவையில் இருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் சற்று நேரத்தில் பேராதனைப் பூங்காவைக் காணலாம். மரங்களையும் மலர்களையும் பார்க்க அங்கே இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு போரின் தலைமையகமாக இருந்த இடம் என்பது தெரியும்? 1944ஆம் ஆண்டு மவுன்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசிய நேசப் படைகளின் தலைமையகத்தை அங்கேதான் அமைத்தார். பர்மாக் காடுகளில் விழுந்த குண்டும் சிந்திய இரத்தமும் எண்களாகவும் பெயர்ப் பட்டியல்களாகவும் இந்தப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன.

இன்னும் கொஞ்சம் போனால் கண்டிப் போர் மயானம் இருக்கிறது. பிரித்தானியர், இந்தியர், இலங்கையர், கிழக்கு ஆபிரிக்கர் என்று பல நாட்டவர் அங்கே உறங்குகின்றனர். ஒவ்வொருவருக்கும் ஒரு கல், கல்லில் ஒரு பெயர். அந்தப் பெயர் கல்லில் இருப்பதற்குக் காரணம், அது முதலில் ஓர் ஏட்டில் இருந்தமையே.

எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை. பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு நியமித்த விசேட குழு ஒன்று 2021ஆம் ஆண்டு தனது அறிக்கையை வெளியிட்டது. முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் பேரரசுக்காக உயிர் விட்டவர்களுள் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரையில், பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என அது கூறியது. இவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆபிரிக்கரும் எகிப்தியருமே. நூறு வருடங்களுக்குப் பின்னரே அந்தத் தவறு ஒப்புக்கொள்ளப்பட்டது.

இறந்தவன் கதை இதுவென்றால், காயத்தோடு உயிர் பிழைத்தவன் கதை என்ன? அவனுடைய காயம் ஏட்டில் ஏறாமல் போனால் அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் என்ன நேரும்?

போர்ப்படையினரின் கதை எமக்கு எதற்கு என்று வாசகர் சிலர் கேட்கலாம். ஷெல்லுக்குப் பயந்து வயலையும் கிணற்றையும் விட்டு ஓடி வந்த எம்மிடம் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சீருடையும் இலக்கமும் சம்பளப் பட்டியலும் உள்ள ஒருவனே தன் காயத்தை எழுத்தில் ஏற்றிக்கொள்ள இத்தனை பாடுபட வேண்டியிருந்தால், இவை எதுவுமே இல்லாத ஒரு கமக்காரன் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

இரத்தம் வராத காயம்

ஹரி பார் என்பவர் பிரித்தானியப் படையில் வெஸ்ட் யோர்க்ஷயர் றெஜிமென்ட்டைச் சேர்ந்த சாதாரண சிப்பாய். 1915ஆம் ஆண்டு பிரான்சில் ஷெல் அதிர்ச்சியினால் பாதிக்கப்பட்டு ஐந்து மாதங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கை நடுங்கியதால் வீட்டுக்குக் கடிதம் எழுதவும் அவரால் முடியவில்லை. தாதி ஒருவரே எழுதிக் கொடுத்தார். பின்னர் அவரை மீண்டும் போர்முனைக்கு அனுப்பினார்கள். 1916 செப்டெம்பரில், இனி என்னால் முன்னே போக முடியாது என்று அவர் நின்றுவிட்டார். இராணுவ நீதிமன்றம் சுமார் இருபது நிமிடங்களில் விசாரணையை முடித்தது. அவருக்காகப் பேச ஒருவரும் இருக்கவில்லை. கோழைத்தனம் என்று எழுதப்பட்டது. 1916 ஒக்டோபர் 18ஆம் திகதி விடியற்காலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 25.

அந்த ஒரு சொல்லின் பாரத்தை அவருடைய மனைவி சுமந்தார். விதவைகளுக்கு உரிய படி அவருக்கு மறுக்கப்பட்டது. சின்னஞ்சிறு மகளோடு வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. வெட்கத்தினால் நடந்ததை வெளியே சொல்லவும் இல்லை. தகப்பன் எப்படி இறந்தார் என்பதே மகளுக்கு நாற்பது வயதில்தான் தெரிய வந்தது.

ஆனால், ஐந்து மாத ஆஸ்பத்திரி வாசம் ஒரு பதிவாகக் கிடந்தது. பழைய இராணுவ நீதிமன்றக் கோவைகள் 1990களில் திறக்கப்பட்டபோது குடும்பத்தினர் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு அரசாங்கத்தோடும் நீதிமன்றத்தோடும் போராடினார்கள். 2006ஆம் ஆண்டு ஆயுதப் படைகள் சட்டத்தின் கீழ், இவ்வாறு சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. மகள் அப்போது 93 வயதினர். அவர் அந்த நாளைக் கண்டார், தாயார் காணவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மன்னிப்பு தீர்ப்பை அழிக்கவில்லை; நட்டஈடு பெறும் உரிமையையும் தரவில்லை. இவர்கள் அந்தத் தண்டனைக்குத் தகுந்தவர்கள் அல்லர், போருக்குப் பலியானவர்கள் என்பதை மட்டும் அது ஏற்றுக்கொண்டது. தொண்ணூறு வருடங்கள் பிந்திய திருத்தத்தினால் அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

"தலையிடி" என்றார்கள்

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2020 ஜனவரி 8ஆம் திகதி ஈராக்கில் உள்ள அயின் அல் அசாத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. அமெரிக்கப் படையினர் எவருக்கும் பாதிப்பில்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. சில நாட்களில் கணக்கு ஏறத் தொடங்கியது. முடிவில் 110 பேருக்கு மூளை அதிர்ச்சிக் காயம் இருப்பது கண்டறியப்பட்டது. அந்நேரம் ஜனாதிபதியாக இருந்த டொனால்ட் ட்ரம்ப், அவர்களுக்குத் தலையிடி என்று கேள்விப்பட்டதாகவும் அது பாரதூரமானதல்ல என்றும் சொன்னார்.

அமெரிக்காவில் எதிரியின் தாக்குதலில் காயப்பட்டவருக்கு ஊதா இதயம் என்ற பதக்கம் வழங்கப்படுகிறது. அது சட்டையில் குத்தும் அலங்காரம் மட்டுமல்ல. பிற்கால வைத்திய உதவிக்கும் வேறு சலுகைகளுக்கும் அது ஒரு திறவுகோல். அதைப் பெறுவதற்குக் காயம் இருந்தால் போதாது. வைத்திய அலுவலர் சிகிச்சை செய்தார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அந்தத் தளத்தில் இருந்தவர்களுள் 29 பேருக்கே முதலில் பதக்கம் கிடைத்தது. மறுக்கப்பட்டவர்களுக்காக மீண்டும் பத்திரங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. செய்தியாளர்களும் கேள்வி எழுப்பினார்கள். 2021 டிசெம்பரில் மேலும் 39 பேருக்கு வழங்க இராணுவம் இணங்கியது. குண்டு விழுந்த நாளில் இருந்த அதே காயந்தான். மாறியது காகிதம்.

பிழையைத் திருத்தும் வழி

அந்நாட்டில் படைப் பதிவேடுகளைத் திருத்துவதற்கென்றே 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சபைகள் அமைக்கப்பட்டன. பதிவில் உள்ள பிழையையோ அநீதியையோ அவை திருத்தலாம். பிழை தெரிய வந்து மூன்று வருடங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீதிக்காக அந்தக் கால எல்லையைச் சபை தளர்த்தவும் முடியும். ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பகாரர் தலையிலேயே இருக்கிறது.

பதிவே எரிந்து போனால்? 1973 ஜூலை 12ஆம் திகதி அமெரிக்காவின் சென் லூயிஸ் நகருக்கு அருகே ஆவணக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. 16 முதல் 18 மில்லியன் வரையான படையினரின் கோவைகள் சாம்பலாயின. இருந்தாலும் வழி முற்றாக அடைபடவில்லை. கடைசிச் சம்பளச் சீட்டு, படைப்பிரிவின் அன்றாட அறிக்கை, ஆஸ்பத்திரி அனுமதிப் பதிவு என்று வேறு இடங்களில் கிடந்த துண்டுகளைச் சேர்த்து ஒருவருடைய சேவையை மீண்டும் எழுதினார்கள். ஒரு பத்திரம் எரிந்தாலும் அதன் நிழல் வேறோர் ஏட்டில் விழுந்திருக்கும் என்பது இங்கே நாம் கவனிக்க வேண்டிய பாடம்.

இந்தியாவில் வேறொரு நல்ல வழி காட்டப்பட்டது. தரம்வீர் சிங் என்ற படைவீரரின் வழக்கில் 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடையது போர்க் காயமல்ல, வலிப்பு நோய். ஆனாலும் சொன்ன நியாயம் எல்லோருக்கும் பொருந்தும். சேர்க்கும்போது நோய் இருந்ததாக எழுதி வைக்கவில்லை என்றால், அவன் நல்ல சுகத்தோடு சேர்ந்தான் என்றே கொள்ள வேண்டும். நோய் சேவையினால் வரவில்லை என்று சொல்கிற தரப்பே அதை நிரூபிக்க வேண்டும். சந்தேகத்தின் பலன் அவனுக்கே போக வேண்டும். அலுவலகம் எழுதாமல் விட்டதற்கு ஏழை தண்டிக்கப்படக் கூடாது என்பதுதான் இதன் சாரம்.

எமது பைக்குள் என்ன இருக்கிறது?

எமது மக்களில் அனேகர் ஷப்பிங் பை ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அடையாள அட்டை, பங்கீட்டு அட்டை, காணி உறுதி, பிள்ளையின் பிறப்புப் பத்திரம் எல்லாம் அதற்குள் இருக்கும். காயத்துக்கு உரிய பத்திரம் இருக்கிறதா என்று கேட்டால், சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டுவார்கள். தழும்பு பொய் சொல்லாது. ஆனால் எந்த நாளில், எந்த இடத்தில், எதனால் வந்தது என்று அதனால் சொல்ல முடியாது. ஷெல் அதிர்ச்சியினால் காது கேளாமல் போனவருக்கும், இரவில் திடுக்கிட்டு எழும்புகிறவருக்கும் காட்டுவதற்கு அந்தத் தழும்பும் இல்லை.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, காயப்பட்ட நாள், இடம், உடனிருந்தவர், தூக்கிச் சென்றவர், முதலில் மருந்து கட்டிய இடம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். திகதி நினைவில்லை என்றால் திருவிழா, அறுவடை, மழை என்று ஏதாவது ஒன்றை வைத்துக் குறியுங்கள். தெரியாததைத் தெரிந்ததாக எழுத வேண்டாம்; ஒரு பிழையான திகதி முழு விண்ணப்பத்தையும் கெடுத்துவிடும்.

இரண்டாவது, உடனிருந்த சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். ஹரி பாருக்காகப் பேச அன்று ஒருவரும் இருக்கவில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆஸ்பத்திரித் துண்டு, கிளினிக் கொப்பி, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம சேவையாளரின் கடிதம் எதையும் எறிய வேண்டாம். பிரதி எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள். மூலப் பத்திரத்தை எவரிடமும் கொடுத்துவிட்டு வர வேண்டாம்.

நான்காவது, பத்திரம் தொலைந்திருந்தால் அது பதியப்பட்ட அலுவலகத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு உதவும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

ஐந்தாவது, 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தினால் இழப்பீட்டுக்கான அலுவலகம் உருவாக்கப்பட்டது. அங்கே போகிறவர் வெறுங்கையோடு போகாமல், மேலே சொன்னவற்றை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு போவது நல்லது.

இதனால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நாம் ஆசை காட்ட மாட்டோம். இதே நாட்டில், போரில் அங்கவீனமுற்று முன்னதாகவே விலக நேர்ந்த படைவீரர்களும் ஓய்வூதியம் கேட்டு 2019ஆம் ஆண்டு கொழும்பில் வீதியில் அமர்ந்தார்கள். எந்தப் பக்கத்தில் விழுந்தாலும் காயம் ஒன்றுதான். அதை ஏற்க வைப்பதற்கான அலைச்சலும் ஒன்றுதான்.

வயலில் வரம்பு கட்டாமல் விட்டால் தண்ணீர் எங்கே போனது என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. எங்களுக்கு நடந்ததும் அப்படித்தான். பிள்ளைகள் வளர்ந்து ஒருநாள் கேட்பார்கள். அலுவலகமும் ஒருநாள் கேட்கும். அன்றைக்குச் சொல்ல வேண்டிய பதிலை, சொல்லக்கூடியவர்கள் எம்மிடையே இருக்கும் இன்றைக்கே எழுதி வைப்போம்.